முதலுதவிப் பெட்டியின் திறப்பு யார் கையில்?

சென்ற ஆண்டு வேறோர் அலுவலாக வலிகாமத்திலுள்ள பாடசாலையொன்றுக்குச் சென்றிருந்தோம். அதிபருடன் பேசிக்கொண்டிருக்கையில் மைதானப் பக்கமிருந்து பிள்ளைகளின் கூக்குரல் கேட்டது. வேலித் தகரத்தில் முன்னங்கை கிழிபட்ட எட்டாந் தரத்துச் சிறுவன் ஒருவனை நாலு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். வெள்ளைச் சட்டை முழுவதும் இரத்தம். ஆசிரியர் ஒருவர் முதலுதவிப் பெட்டியை எடுக்க ஓடினார். பெட்டி அலுமாரிக்குள் இருந்தது, அலுமாரி பூட்டியிருந்தது, திறப்போ முதலுதவிக்குப் பொறுப்பான ஆசிரியையிடம் இருந்தது. ஆசிரியை அன்று லீவு.

பெரியவர்கள் நாம் திறப்பைத் தேடிக்கொண்டிருந்த அந்த இடைவெளியில் பத்தாந் தரத்து மாணவி ஒருத்தி சிறுவனை நிலத்தில் இருத்தினாள். தன் லேஞ்சியை மடித்துக் காயத்தின்மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். கையை நெஞ்சுக்கு மேலாக உயர்த்திப் பிடித்துக்கொண்டு, "ஆட்டாதை தம்பி, இரத்தம் நிண்டிடும்" என்றாள். நின்றுவிட்டது. பின்னர் ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள்.

அவளிடம், "பிள்ளை முதலுதவிப் படையிலோ?" என்று கேட்டோம். "இல்லை ஃபாதர். அதுக்கு வெள்ளை உடுப்பும் சப்பாத்தும் தொப்பியும் வாங்கவேணும்" என்றாள். அழுத்திப் பிடிக்க யார் சொல்லித் தந்தார்கள் என்றதற்கு, அம்மா என்று பதில் வந்தது. அவளுடைய தாயார் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து, நலன்புரி நிலையமொன்றிலேயே வளர்ந்து, அங்கே நடந்த முதலுதவி வகுப்பொன்றில் குமர்ப்பிள்ளையாக இருந்தபோது படித்தவர்.

அந்தப் பாடசாலையின் பெயர் இங்கு வேண்டாம். அங்குள்ள ஆசிரியர்கள் நல்லவர்கள். பெட்டியைப் பூட்டி வைத்ததும் பஞ்சும் பிளாஸ்ரரும் களவுபோகக் கூடாதென்ற பொறுப்புணர்ச்சியினாலேயே. ஆயினும் இரண்டு காரியங்கள் அன்று முதல் எம்மை விட்டு அகலவில்லை. பெட்டி இருந்தது, திறப்பு இருக்கவில்லை. படை இருந்தது, அதற்கு வேண்டிய பிள்ளை படைக்கு வெளியே நின்றாள்.

எமது பாடசாலைகளில் முதலுதவிப் படைகள் இல்லாமலில்லை. 1877இல் இங்கிலாந்தில் தொடங்கிய சென். ஜோன்ஸ் அம்புலன்ஸ் அமைப்பும், செஞ்சிலுவைச் சங்கமும், சாரணர் இயக்கமும் எத்தனையோ பிள்ளைகளுக்குக் கட்டுப்போடக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாட்களும் வெயிலில் நின்று, மயங்கி விழுவோரைத் தூக்கிச் செல்லும் இளைஞர்களை எல்லோரும் கண்டிருக்கிறோம். அந்தச் சேவையைக் குறைத்துச் சொல்ல எமக்கு மனம் வராது. ஆனால் விழா முடிந்தபின், இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்தபின், சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை பத்துமணிக்கு அந்தப் படை எங்கே என்பதே எமது கேள்வி. பல இடங்களில் அது அணிவகுப்புக்கும் படம் எடுப்பதற்கும் உரியதாகச் சுருங்கிவிட்டது. முதலுதவி அன்றாடச் சேவையாகவேண்டும். அதை மாணவர்களே நடத்தவேண்டும். அதில் இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் முதலாவதாக நிற்கவேண்டும் என்பது எமது கருத்து.

இதை இணுவிலில் இருந்துகொண்டு எழுதும்போது ஒரு பழைய செய்தி தானாகவே நினைவுக்கு வருகிறது. இங்குள்ள மக்லியொட் ஆஸ்பத்திரி 1898இல் அமெரிக்க மிஷனால் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமெனத் தொடங்கப்பட்டது. மருத்துவர் இசபெல்லா கர் அம்மையார் நெடுங்காலம் இங்கே பணியாற்றினார். "இணுவில் ஆஸ்பத்திரியிலை பிறந்தனான்" என்று சொல்லும் முதியவர்கள் குடாநாடெங்கும் இருக்கிறார்கள். அதற்கும் முன்னதாக, பக்கத்து ஊராகிய மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் இருந்தார். 1847இல் இலங்கைக்கு வந்த அவர் முதலில் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்பித்தார். படித்தவர்கள் ஊரைவிட்டு அரசாங்க உத்தியோகத்துக்குப் போவதைக் கண்டார். 1862இல் இரண்டாந் தடவை வந்தபோது தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். 1867இல் 'இரண வைத்தியம்' என்ற பெரிய நூலைத் தமிழில் வெளியிட்டார். காயத்தைக் கழுவுவதும் கட்டுவதும் எலும்பு முறிவுக்கு மட்டை வைப்பதும் எம்முடைய மொழியில் அன்றே அச்சேறிவிட்டன. கிறீன் எம்மவரல்லர், எமது சபையைச் சேர்ந்தவருமல்லர். ஆனால் ஊரில் தங்கக்கூடிய கைகளுக்கே அறிவைக் கொடுக்கவேண்டும் என்று அவர் கண்டுகொண்ட உண்மையை நாம் ஏன் இன்னும் அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறோம்?

மாணவர்கள் நடத்தும் சேவை என்றால் என்ன என்று கேட்பீர்கள். பெரிய காரியமல்ல. எட்டாந் தரத்துக்கு மேல் ஒவ்வொரு வகுப்பிலும் நாலைந்து பிள்ளைகள். வாரத்துக்கு ஒரு குழு முறை வைத்துப் பொறுப்பேற்கும். இடைவேளையிலும் விளையாட்டு நேரத்திலும் பெட்டியுடன் இருவர் இருப்பார்கள். பொறுப்பாசிரியர் மேற்பார்வை செய்வார். பெட்டியின் திறப்பு அந்த வாரக் குழுத் தலைவியிடமோ தலைவனிடமோ இருக்கும். வெள்ளிக்கிழமை என்ன குறைந்தது என்று எண்ணி எழுதி அடுத்த குழுவுக்குக் கையளிப்பார்கள். பெட்டிக்குள்ளும் அதிகம் தேவையில்லை. சவர்க்காரம், சுத்தமான துணிப்பட்டி, பஞ்சு, கத்தரிக்கோல், கையுறை, பிளாஸ்ரர், சில பக்கற் ஜீவனி. முக்கோணக் கட்டுத்துணியைக் காசு கொடுத்து வாங்கவே வேண்டாம். ஒரு மீற்றர் சதுரமாகக் கிழித்த பழைய பருத்தி வேட்டியை மூலைக்கு மூலை வெட்டினால் இரண்டு கிடைக்கும், தோய்த்துக் காயவைத்தால் போதும். மாத்திரைகள் மட்டும் கூடாது. பனடோல்கூடப் பிள்ளைகள் கையால் கொடுக்கப்படலாகாது. அந்த எல்லையை முதல் நாளே தெளிவாகக் கீறிவிடவேண்டும்.

பெட்டியிலும் பெறுமதியான ஒரு பொருள் உண்டு. அது ஒரு சீ.ஆர். கொப்பி. திகதி, நேரம், பிள்ளையின் வகுப்பு, என்ன நடந்தது, என்ன செய்தோம் என்று ஒவ்வொரு நாளும் எழுதிவரும் பதிவேடு. இத்தகைய கொப்பி ஒன்றை நாம் ஓரிடத்தில் புரட்டிப் பார்த்தோம். காலைப் பிரார்த்தனையில் மயக்கம், காலைப் பிரார்த்தனையில் மயக்கம் என்று அடுத்தடுத்து வந்தது. பிள்ளைகள் எழுதிய விளக்கம் மிகச் சுருக்கம்: "சாப்பிடேல்லை." 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பாடசாலைக்கு வருகிறார்கள் என்று நாடெங்கும் பேசினார்கள். பேச்சு ஓய்ந்துவிட்டது, வெறும் வயிறு எல்லா வீட்டிலும் ஓய்ந்துவிடவில்லை. வேறொரு பக்கத்தில் காலில் முள், காலில் போத்தல் ஓடு, காலில் ஆணி. செருப்பு அறுந்தபின் புதியது வாங்காத வீடுகள் எவையென்று அந்தக் கொப்பி பெயர் சொல்லாமலே சொல்லியது. மயங்கிய பிள்ளையைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்துவது முதலுதவி. அந்தக் கொப்பியைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் மேசையில் வைத்து, காலை உணவுக்கு என்ன வழி என்று கேட்பதும் அதன் தொடர்ச்சிதான். அதிகாரிகளிடம் நாம் வாய்வார்த்தையாகச் சொன்னால் "புள்ளிவிபரம் இருக்கோ?" என்பார்கள். இதோ, பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

இனி வீட்டுக்கு வருவோம். பாடசாலையில் நடக்கும் விபத்துகளிலும் பார்க்கத் தோட்டத்திலும் அடுப்படியிலும் நடப்பவையே எமக்குக் கூடுதலான கவலை தருகின்றன. நெருப்புச் சுட்டால் பற்பசை பூசுகிறோம். வெட்டுக்காயத்துக்குக் கோப்பித்தூள் அப்புகிறோம். மூக்கால் இரத்தம் வந்தால் தலையை நிமிர்த்திப் பிடிக்கிறோம். வலிப்பு வந்தவர் கையில் திறப்புக் கோர்வையைத் திணிக்கிறோம். இவையெல்லாம் அன்பினால் செய்யப்படுபவை, ஆனால் பிழையானவை. சுட்ட இடத்தை இருபது நிமிடமாவது ஓடும் தண்ணீரில் பிடிக்கவேண்டும். எங்கள் கிணறுகளில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. மூக்கால் இரத்தம் வந்தால் சற்று முன்பக்கம் குனிந்து மூக்கின் மென்பகுதியைப் பத்து நிமிடம் பொத்திப் பிடிக்கவேண்டும். வலிப்பு வந்தவருக்கு இரும்பும் வேண்டாம், வாய்க்குள் கரண்டியும் வேண்டாம். பக்கத்திலுள்ள கல்லையும் கட்டையையும் அகற்றி, வலி ஓய்ந்ததும் ஒருபக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, மணிக்கூட்டைப் பார்க்கவேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் ஆஸ்பத்திரி.

பாம்புக்கடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். இலங்கை முழுவதும் வீடுவீடாகக் கேட்டுச் செய்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 80,000 பேர் பாம்புக்கடிக்கு ஆளாகிறார்கள் என்றும், அவர்களில் 400 பேரளவில் இறக்கிறார்கள் என்றும் அது மதிப்பிட்டது. வெறுங்காலுடன் தோட்டத்துக்குப் போகிறவர்களும், தரையில் பாய் போட்டுப் படுப்பவர்களுமே இதில் முன்னுக்கு நிற்பவர்கள். அதாவது நீங்களும் உங்கள் பிள்ளைகளும். குடாநாட்டில் நாகம், புடையன், சுருட்டை எல்லாம் உண்டு. இரவில் பாயில் படுத்தவரைத் தீண்டும் விரியனின் கடி சிலவேளை தெரிவதேயில்லை. விடியப்புறம் வயிற்றுவலி என்பார்கள், கண் இமை தூங்கும், பின்னர் மூச்சு முட்டும். வயிற்றுவலிதானே என்று கசாயம் காய்ச்சிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும்.

கடித்த இடத்துக்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டுவது எமது ஊர்களில் இன்னமும் நடக்கிறது. அப்படிக் கட்டிய கால் இரத்த ஓட்டமின்றிக் கறுத்துப்போன சம்பவங்கள் உண்டு. கட்டவேண்டாம், கீறவேண்டாம், வாயால் உறிஞ்சவேண்டாம். மோதிரம், காப்பு, கொலுசைக் கழற்றிவிட்டுக் கடிபட்ட கை காலை மட்டை வைத்து அசையாமல் செய்து, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போகவேண்டும். பாம்பைத் துரத்திக்கொண்டு இன்னொருவர் கடி வாங்கவேண்டியதில்லை. 2018 யூலையிலிருந்து வடமாகாணத்திலும் 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வருகிறது. பிள்ளைகளுக்கு இந்த இலக்கத்தோடு, தம் வீட்டுக்கு வரும் வழியை அடையாளம் சொல்லவும் பழக்குங்கள். ஒழுங்கைக்குப் பெயரில்லாத குடியிருப்புகளில் அம்புலன்ஸ் சுற்றிக்கொண்டு நிற்பதும் உண்டு. விஷகடி வைத்தியர்மாரை நாம் பழிக்கவில்லை. ஆஸ்பத்திரியே எட்டாத காலத்தில் அவர்கள்தான் ஊரைக் காத்தார்கள். இன்று ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து இருக்கிறது. முதலில் அங்கே போங்கள். பார்வை பார்ப்பது பின்னரும் ஆகலாம்.

அடுத்தது மருந்தடிக்கிற விஷயம். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மரக்கறிக்கும் கிருமிநாசினி கலக்குவது பெரும்பாலும் வெறுங்கையால்தான். குத்தகைக் காணியில், அல்லது கூலிக்குப் பிறர் தோட்டத்தில் நின்று மருந்தடிப்பவர்களுக்குக் கையுறையும் முகமூடியும் யார் கொடுக்கிறார்கள்? மேலில் மருந்து ஊற்றுப்பட்டால் உடுப்பைக் கழற்றிச் சவர்க்காரம் போட்டு நிறையத் தண்ணீரால் கழுவவேண்டும். தவறியோ மனம் நொந்தோ ஒருவர் அதைக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்கப் பண்ணக்கூடாது, சவர்க்காரத் தண்ணீரும் பருக்கக்கூடாது. மருந்துப் போத்தலையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். போத்தலைக் கண்டால்தான் மருத்துவருக்கு என்ன நஞ்சென்று விளங்கும். தகப்பன் இதை அறியாதிருக்கலாம். பாடசாலையில் படித்த மகள் அறிந்திருந்தால் அந்த வீடு தப்பும். "நேற்றுப் பிறந்தது எங்களுக்குப் படிப்பிக்குது" என்று சொல்லி அவளை வாயடைக்கச் செய்யாதீர்கள் என்பதே உங்களிடம் நாம் கேட்பது.

பெற்றோர் சொல்லும் தடைகளையும் நாம் கேட்டிருக்கிறோம். படிப்புக் கெட்டுவிடும், ரியூசன் தவறிவிடும் என்பது ஒன்று. வாரத்தில் ஒரு மணித்தியாலத்தால் எந்தப் பிள்ளையும் சாதாரண தரப் பரீட்சையில் சறுக்கியதாக நாம் அறியவில்லை. இதற்கு மேல் இதில் சொல்ல எதுவுமில்லை.

மற்றது பாரமான கேள்வி. "பிள்ளை பிழை விட்டால் யார் பொறுப்பு? பிள்ளைக்கு ஏன் இந்த இரத்தமும் பயமும்?" என்று ஒரு தாய் எம்மிடம் கேட்டார். அவர் 1995 யூலை 9ஆம் திகதி நவாலி புனித இராயப்பர் ஆலயத்தில் குண்டு விழுந்தபின் அந்தப் பக்கம் போனவர். தஞ்சமடைந்திருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் அன்று மாண்டனர். அவர் எதைக் கண்டார் என்று நாம் கேட்கவில்லை. அதே ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது நாமும் பாடசாலை மாணவராக மழையில் அந்தச் சனத்துக்குள் நின்றோம். வழியில் விழுந்த ஒரு கிழவரைச் சுற்றி நின்று பார்த்தோமேயன்றி என்ன செய்வதென்று எமக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா என்பதும் தெரியாது. ஆனால் கையைக் கட்டிக்கொண்டு நின்ற அந்த நினைவு, கை நனைத்த நினைவைவிட இலேசானதல்ல என்று அந்தத் தாயாருக்குச் சொன்னோம். அவர் முழுமையாக ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. அவருடைய பயத்திலும் நியாயம் உண்டு. ஆகவேதான் எல்லை வேண்டுமென்கிறோம். பிள்ளைகள் வைத்தியரல்லர். அழுத்துவது, கழுவுவது, சரித்துப் படுக்கவைப்பது, ஆளனுப்புவது, பக்கத்தில் இருப்பது. இவ்வளவுதான். விடுவிக்கப்பட்ட காணிகளில் வெடிபொருள் போன்ற ஏதேனும் கண்டால் கிட்டப் போகாமல், தொடாமல், வந்த தடத்தாலேயே திரும்பிப் பெரியவருக்குச் சொல்வதும் இந்தப் பட்டியலில் சேரும்.

பிள்ளைகள் தம் வயதுக்கேற்ற பங்கை எடுப்பது புதுமையுமல்ல. 1859இல் இத்தாலியில் சொல்பரினோ போர்க்களத்தின் காயக்காரர்கள் பக்கத்து ஊரான காஸ்திலியோனேக்கு ஆயிரக்கணக்கில் கொண்டுவரப்பட்டார்கள். கோவில்களே ஆஸ்பத்திரிகளாயின. அங்கே நின்ற ஹென்றி டியூனன்ட் பின்னர் அதைப் பற்றி எழுதிய நூலிலிருந்துதான் செஞ்சிலுவைச் சங்கம் பிறந்தது. அந்த நூலிலே ஊர்ப் பெண்கள் பகைவர் நம்மவர் என்று பாராமல் பணிவிடை செய்ததையும், ஊர்ச் சிறுவர்கள் வாளிகளோடு ஊற்றுக்கும் கோவிலுக்குமாக ஓடித் தண்ணீர் சுமந்ததையும் அவர் குறித்திருக்கிறார். சிறுவர்களுக்குச் சத்திரசிகிச்சை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தண்ணீர் சுமந்தார்கள்.

கடைசியாக அந்த வெள்ளை உடுப்பு. சீருடையில் ஒரு பெருமை உண்டு, பிள்ளைகளுக்கு அது பிடிக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 1990 யூனில் தொடங்கிய இடப்பெயர்வுக்குப் பிறகு வலிகாமம் வடக்கு மக்கள் எத்தனை தடவை வீடு மாறியிருக்கிறார்கள்! 2015இலிருந்து கட்டங்கட்டமாகக் காணிகள் விடப்பட்டும் ஒரு பகுதியினர் இன்னமும் வேலிக்கு இப்பால் நின்று தம் செம்மண்ணைப் பார்க்கிறார்கள். இந்த வீடுகளில் சப்பாத்து ஒன்றுக்காகப் பிள்ளையொன்று சேவையிலிருந்து விலக்கப்படுவதை நாம் ஒத்துக்கொள்ளமுடியாது. பாடசாலைக்குள் சேவை செய்ய ஒரு கைப்பட்டி போதும். அணிவகுப்புக்கு உடுப்பு வேண்டுமென்றால் பாடசாலை நாலு சோடியை வைத்திருந்து மாறிமாறிக் கொடுக்கட்டும். செலவைப் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் ஊர்க் கோவில்களும் பங்குகளும் பகிர்ந்துகொள்ளலாம். இணுவில் கந்தசுவாமி கோயிலின் பெருமஞ்சத்தை இழுக்க ஊரே கைகொடுக்கிறதென்றால், ஒரு பெட்டிப் பஞ்சு எந்த மூலைக்கு?

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பெட்டி எங்கே? திறப்பு யாரிடம்? கேட்கக் கூச்சமாயிருந்தால் இருவராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள்.

நாம் முதலில் சொன்ன பாடசாலையில் பெட்டி இப்போது அலுமாரிக்கு வெளியே, அலுவலக விறாந்தையில் இருக்கிறது. திறப்பைச் சுவரில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள். அந்த மாணவி கைப்பட்டி கட்டியிருக்கிறாள், வெறும் செருப்போடுதான். பஞ்சு முடிந்துவிட்டது, பழைய வேட்டி இருந்தால் கொண்டுவாருங்கள் என்று சென்ற வாரம் எமக்குச் சொல்லியனுப்பியிருந்தாள்.